வாசகர் கேள்வி: போஸ்டரில் உண்டு, படத்தில் இல்லை

கேள்வி: எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் 1958ஆம் ஆண்டின் 'அட்டாக் ஆஃப் தி 50 ஃபுட் உமன்' என்ற ஆங்கிலத் திரைப்படத்தின் போஸ்டர் நகலை மாட்டியிருக்கிறார்கள். நெடுஞ்சாலைப் பாலத்தின் இருபுறமும் கால் ஊன்றி நிற்கும் ராட்சதப் பெண்ணைப் படத்தில் காணவில்லையே?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: அப்படியொரு காட்சி அதில் கிடையாது. சொற்பச் செலவில் எடுக்கப்பட்ட அப்படத்தால் காட்ட முடியாத பிரம்மாண்டத்தை, ஓவியர் ரெனால்ட் பிரவுன் தாளிலேயே தீட்டிக் கொடுத்துவிட்டார். மஞ்சள் பின்னணி, சிவப்பு எழுத்து, அவள் கையில் பொம்மைபோல் சிக்கிய கார், கீழே சிதறிக் கிடக்கும் வாகனங்கள் என எல்லாமே தெருவில் போகிறவரை நிறுத்துவதற்காக வரையப்பட்டவை. 1956இல் வந்த 'ஃபர்பிடன் பிளானெட்' போஸ்டரும் இவ்வகையே: மயங்கிய பெண்ணை ஏந்தி அச்சுறுத்தும் ரோபோ, படத்தில் பரம சாதுவான பணியாள். ஆயினும், அந்த ஓவியத்துக்காகவே இன்னொரு டிக்கெட் வாங்கலாம் என்பேன்.