அமைப்பின் மாநாட்டுக்குக் கிளை கெடுவுக்குள் அனுப்பிய தீர்மானம் நிகழ்ச்சி நிரலில் இல்லை: அரங்கில் முன்மொழியலாமா?

புதிய தீர்மானமாக அரங்கில் முன்மொழிய, பெரும்பாலான அமைப்புகளின் விதிகள் இடம் தருவதில்லை. ஆனால் எந்தத் தீர்மானங்கள் விவாதத்துக்கு வரும் என்று தொகுக்கும் நிகழ்ச்சி நிரல் குழு தன் அறிக்கையை வைக்கும்போது, அது ஏற்கப்படும் முன்பே எழுந்து, உங்கள் தீர்மானத்தை விட்ட பகுதியை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பக் கோரலாம். வழக்கமாக இது கூட்டத்தின் தொடக்கத்திலேயே நடந்து முடிந்துவிடும், தாமதமாகப் போய்விடாதீர்கள்.

உங்கள் கிளை நேரத்துக்கு அனுப்பியது என்கிறீர்கள். அப்படியென்றால் இதே பொருளில் வந்த வேறு தீர்மானங்களோடு இணைத்திருக்க வாய்ப்பு அதிகம். நிரலை வரிவரியாகப் படியுங்கள், உங்கள் வாசகம் வேறொரு கிளையின் பெயரில் இருக்கலாம். முக்கியமான கோரிக்கை மட்டும் விடுபட்டிருந்தால், திருத்தம் கொடுக்க இன்னும் நாள் இருக்கிறதா என்று செயலாளரிடம் இன்றே கேளுங்கள்.

அப்புறம், கிளைக் கூட்டக் குறிப்பேட்டைப் பாருங்கள். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், நிறைவேறிய தேதி மூன்றும் பதிவாகியிருக்க வேண்டும். இது இல்லாமல் குழுவிடம் வாதாடுவது கடினம்.

அவசரத் தீர்மானமாகக் கொண்டுவரச் சிலர் சொல்வார்கள். கெடுவுக்குப் பிறகு நடந்த ஒன்றைப் பற்றியதாக இருந்தால்தான் அது பொதுவாகச் செல்லும். பழைய கோரிக்கைக்கு அந்தப் பெயர் சூட்டினால் தலைவர் தள்ளிவிடுவார், நியாயமும் அவர் பக்கம்தான்.

இதெல்லாம் பொது நடைமுறை. உங்கள் அமைப்பின் விதிநூல் வேறாகச் சொன்னால் அதுவே செல்லும்.