லெட்டர்மேனும் கடைசிப் பாட்டும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சில வாரங்களாக இரவில் தூக்கம் வராமல் யூடியூபில் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் டேவிட் லெட்டர்மேன் நடத்திய பின்னிரவுப் பேட்டி நிகழ்ச்சியின் பழைய துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் ஓய்வு பெற்றபோது நான் பள்ளி மாணவன். பேட்டிகளைப் பார்க்கத்தான் போனேன், பிடித்துக்கொண்டது பாட்டுகள். வாரன் ஸீவான் என்று ஒருவர். சாகப்போகிறோம் என்று தெரிந்தே வந்து உட்கார்ந்து ஜோக் அடிக்கிறார், அப்புறம் எழுந்துபோய்ப் பாடுகிறார். அவர் பெயரையே அதற்கு முன் கேட்டதில்லை. அழுதுவிட்டேன். நண்பனிடம் சொன்னால், "எல்லாம் டிவிக்காரன் டிராமாடா" என்கிறான்.

எல்லாரையும் நக்கலடிக்கும் லெட்டர்மேன் பாட்டு முடிந்ததும் வேறு ஆளாக மாறுவது நடிப்பா? இன்று அதே மாதிரி நிகழ்ச்சி நடத்தும் ஜிம்மி ஃபாலன் எந்தப் பாட்டுக்கும் துள்ளிக் குதிக்கிறார், எனக்கு ஒட்டவே மாட்டேன் என்கிறது. நான் வாழாத ஒரு காலத்துக்கு ஏங்குகிறேனோ?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. அந்த நிகழ்ச்சிகள் பின்னிரவில் ஒளிபரப்பாகும், ஆனால் சாயங்காலமே பதிவாகிவிடும். தொகுப்பாளரின் ஜோக்குகளை எழுத ஓர் அறை நிறைய ஆட்கள் உண்டு. விருந்தாளி சொல்லப்போகும் கதையைக்கூட முன்கூட்டியே கேட்டு வைத்திருப்பார்கள். ஆனால் பாட்டு ஓடும் அந்த நான்கு நிமிடம் தொகுப்பாளருக்கு வேலை இல்லை. அது முடிந்ததும் அவர் மேசையை விட்டு எழுந்து வந்து கைகுலுக்கி, ஏதாவது சொல்லியாக வேண்டும். லெட்டர்மேன் மாட்டிக்கொள்வது அங்கேதான். பிடிக்காத பாட்டு என்றால் ஒரு நன்றியோடு முடித்துக்கொள்வார். பிடித்துவிட்டால் குழறுவார். டிரம்ஸ் வாசித்தவரிடம் போய், "இது உங்க சொந்த டிரம்ஸா?" என்று கேட்பார். வருஷக்கணக்காக இதே கேள்வி. நக்கல் கலந்ததுதான், ஆனால் ஆசையோடு கேட்பது. கச்சேரி முடிந்ததும் மேடையோரம் போய் நின்றுகொண்டு என்ன பேசுவதென்று தெரியாமல் விழிக்கும் ரசிகனை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஸீவான் விஷயத்தில் என்னிடம் இதைவிடப் பலமான சாட்சி இருக்கிறது. அவர் நட்சத்திரம் இல்லை. அவருடைய பாட்டில் ஒன்றே ஒன்றுதான் வானொலியில் பெரிதாக ஓடியது, அதுவும் 1978இல். ஆனால் லெட்டர்மேனுக்கு அவரைப் பிடிக்கும். அடிக்கடி கூப்பிடுவார். இசைக்குழுத் தலைவர் பால் ஷாஃபர் விடுப்பில் போகும்போது அந்த இடத்தில் உட்கார வைப்பார். 2002இல் ஸீவானுக்கு மீசோதீலியோமா என்று தெரிந்தது. நுரையீரல் உறையில் வரும் புற்றுநோய். அந்த அக்டோபர் 30ஆம் தேதி நிகழ்ச்சி முழுவதும் அவருக்கே. வேறு விருந்தாளி கிடையாது. பார்வையாளர் எண்ணிக்கையைப் பார்த்துப் பிழைக்கும் ஓர் அமெரிக்கச் சேனலில் இது எந்தக் கணக்கிலும் சேராத காரியம்.

பேட்டியையும் இன்னொரு முறை பாருங்கள். இருபது வருஷம் டாக்டரிடமே போகாமல் இருந்தது ஒருவேளை உத்தியில் செய்த பிழையோ என்கிறார் ஸீவான். அரங்கம் சிரிக்கிறது. லெட்டர்மேனும் சிரிக்கிறார், ஆனால் பதிலுக்குப் பதில் அடிப்பதில்லை. வாழ்க்கையையும் சாவையும் பற்றி எனக்குத் தெரியாதது ஏதும் இப்போது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்கிறார். நேரான கேள்வி. ஒவ்வொரு சாண்ட்விச்சையும் எவ்வளவு ரசித்துச் சாப்பிட வேண்டும் என்பதுதான் தெரிந்தது என்று பதில். இன்று டீ ஷர்ட்டில் அச்சடித்து விற்குமளவு அது பிரபலம். எனக்கு அதைவிட முக்கியம், அன்று அவர் கடைசியாகப் பாடிய பாட்டு லெட்டர்மேன் கேட்டு வாங்கியது என்பது. தலையில்லாமல் அலையும் ஒரு கூலிப்படைக்காரனைப் பற்றிய வினோதமான கதைப்பாட்டு. சாகப்போகிறவரிடம் உருக்கமான பாட்டைக் கேட்காமல் இதைக் கேட்கத் தோன்ற வேண்டுமென்றால் ஆள் உண்மையான ரசிகனாக இருக்க வேண்டும். நிகழ்ச்சி முடிந்ததும் ஸீவான் தன் கிட்டாரை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த செப்டம்பரில் இறந்தார். 2025இல் ராக் இசைக்காரர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டபோது மேடையேறிப் பேசியவர் லெட்டர்மேன்தான்.

ஃபாலனிடம் நீங்கள் கொஞ்சம் கறாராக இருக்கிறீர்கள். 2009இல் தி ரூட்ஸ் என்ற ஹிப் ஹாப் குழுவைத் தன் நிகழ்ச்சியின் நிரந்தர இசைக்குழுவாகக் கொண்டுவந்தவர் அவர். இன்றுவரை அதற்கு இணையாக இன்னொன்று வரவில்லை. ஆனால் அவருக்கே பாட வரும், மிமிக்ரி வரும். அதனால் விருந்தாளியோடு சேர்ந்து தானும் பாடிவிடுகிறார். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு துள்ளல் என்றால் எது உண்மையிலேயே பிடித்தது என்று நமக்கு எப்படித் தெரியும்? எனக்குப் பாடத் தெரியாத தொகுப்பாளரே போதும்.

ஏக்கத்துக்கு வருகிறேன். 1983 அக்டோபரில் ஆர்.இ.எம். என்ற ராக் குழு முதல்முறையாக நாடு முழுவதும் தெரியும் ஒரு தொலைக்காட்சியில் வந்தது லெட்டர்மேனிடம். அப்போது லெட்டர்மேனுக்கு என்பிசி சேனலில் இரவு 12:30 மணி நேரம். முதல் பாட்டு முடிந்து பேசப் போகிறார். பாடகர் மைக்கேல் ஸ்டைப் கூச்சத்தில் டிரம்ஸ் மேடையோரம் போய் உட்கார்ந்துகொள்கிறார், மற்றவர்கள்தான் பதில் சொல்கிறார்கள். அடுத்த பாட்டுக்கு அன்று பெயர்கூட வைத்திருக்கவில்லை. அந்தப் பாட்டுக்காக டிவியைப் போட்டவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? மற்றவர்கள் ஜோக்குக்கு வந்து, அணைக்கச் சோம்பேறித்தனப்பட்டு, கேட்க நேர்ந்தவர்கள்.

இப்படி டிவியில் தற்செயலாகப் பாட்டு கேட்பது செத்துவிட்டது என்றுதான் எல்லாரும் புலம்புகிறார்கள். காரணம் இல்லாமல் இல்லை. சேத் மேயர்ஸ் என்ற இன்னொரு தொகுப்பாளரின் பின்னிரவு நிகழ்ச்சியின் இசைக்குழு 2024இல் செலவுக்குறைப்பில் போயிற்று. லெட்டர்மேன் பின்னாளில் இருந்த எட் சல்லிவன் அரங்கில், அதாவது 1964இல் பீட்டில்ஸ் வந்து பாடிய அதே மேடையில், ஸ்டீபன் கோல்பேர் நடத்திவந்த நிகழ்ச்சி 2026 மே மாதத்தோடு முடியும் என்று சிபிஎஸ் சேனல் அதற்கு முந்தைய ஜூலையில் அறிவித்தது. பணம்தான் காரணம் என்றார்கள், அரசியல் என்றும் பேச்சு அடிபட்டது. குழுவோடு, கருவிகளோடு, அரங்கோடு நாலு நிமிடம் பாட வைப்பது அவர்களுக்கு நஷ்டக் கணக்கு. அது உண்மை.

ஆனால் 2014 மார்ச்சில் ஃபியூச்சர் ஐலண்ட்ஸ் பாடியதையும் பாருங்கள். எட்டு வருஷமாக வேன் ஓட்டி ஊர் ஊராகப் பாடிய குழு. பாடகர் சாமுவேல் ஹெரிங் ஏறுநெற்றியோடு, கறுப்பு டீ ஷர்ட்டை பேண்டுக்குள் சொருகிக்கொண்டு ஏதோ அலுவலகத்திலிருந்து வந்தவர் மாதிரி நிற்கிறார். பாட்டு ஆரம்பித்ததும் இடுப்பைத் தாழ்த்தி வழுக்குகிறார், நெஞ்சில் அடித்துக்கொள்கிறார், நடுவில் காட்டு மிருகம்போல் ஓர் உறுமல். லெட்டர்மேன் பரவசமாக வந்து, உங்களிடம் இருப்பதையெல்லாம் கொடுங்கள், நான் எடுத்துக்கொள்கிறேன் என்கிற மாதிரி ஏதோ சொல்கிறார். டிவியில் பார்த்தவர்களைவிட அடுத்த சில நாட்களில் இணையத்தில் பார்த்தவர்கள்தான் அந்தக் குழுவைத் தூக்கிவிட்டார்கள். நீங்களும் ஸீவானைத் தேடிப் போகவில்லையே! தூக்கம் வராமல் எதையோ பார்க்கப் போய் அவரிடம் சிக்கினீர்கள். அப்புறம் எங்கே வாழாத காலம்?

சரி, அழுதது போதும். அடுத்து 1984 மார்ச்சில் பாப் டிலன் வந்ததைப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸில் பங்க் ராக் வாசிக்கும் இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு மூன்று பாட்டு. மூன்றாவதில் தப்பான சுருதி ஹார்மோனிகாவைக் கையில் எடுத்துவிட்டு, சரியானதைத் தேடி மேடையில் அலைகிறார். பையன்கள் விடாமல் வாசித்துக்கொண்டே இருக்கிறார்கள். முடிந்ததும் லெட்டர்மேன் வந்து, வியாழக்கிழமைதோறும் வர முடியுமா என்று கேட்கிறார்.