தம்பியின் கொட்டேஷன்

அன்புள்ள ஐயா,

மருத்துவமனை ஒன்றின் கொள்முதல் பிரிவில் வேலை செய்கிறேன். கையுறை, சிரிஞ்சு சப்ளை செய்யும் ஒரு நிறுவனத்தில் என் தம்பி விற்பனை மேலாளராகச் சேர்ந்திருக்கிறான். அவர்களுடைய கொட்டேஷன் இப்போது என் மேஜையில் இருக்கிறது. விலையும் மற்றவர்களைவிடக் குறைவு. அவனுக்காக எதையும் வளைக்க மாட்டேன் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். "நீ ஒழுங்காக இருக்கும்போது நீயாகப் போய்ச் சொல்லி ஏன் சந்தேகத்தைக் கிளப்புகிறாய்?" என்கிறார்கள் உடன் வேலை செய்பவர்கள். அவன் என் தம்பி என்று மேலதிகாரியிடம் சொல்லத்தான் வேண்டுமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

சொல்லத்தான் வேண்டும். அந்தக் கோப்பைத் தொடுவதற்கு முன்பே, எழுத்தில்.

உங்கள் நேர்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் "உறுதியாகத் தெரியும்" என்கிறீர்களே, அதைத்தான் நம்ப முடியாது. அமெரிக்கப் பயிற்சி மருத்துவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2001இல் வெளியானது. மருந்து நிறுவனங்களின் பரிசும் பிரச்சாரமும் தாங்கள் எழுதும் மருந்தைப் பாதிப்பதில்லை என்று 61 சதவீதம் பேர் சொன்னார்கள். மற்ற மருத்துவர்களும் அப்படித்தான் என்று நம்பியவர்கள் 16 சதவீதம். 2016இல் வந்த இன்னோர் ஆய்வில், நிறுவனச் செலவில் ஒரே ஒரு வேளை சாப்பிட்ட மருத்துவர்கள்கூட அந்த நிறுவனத்தின் மருந்தை மற்றவர்களைவிட அதிகம் எழுதியிருந்தார்கள். சாப்பாடுதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை, தொடர்பைக் காட்டியது. எனக்கு அதுவே போதும். உங்கள் விஷயத்தில் இருப்பது சாப்பாடுகூட இல்லை, கூடப்பிறந்தவன்.

ஆர்டர் கையெழுத்தாகும் அந்த ஒரு நாளைத்தான் நீங்கள் யோசிக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. என் கவலை அதற்கு முன்னும் பின்னும் நடப்பதைப் பற்றியது. கையுறையின் தடிமன் என்ன, எந்தத் தரச்சான்று வேண்டும் என்று ஸ்பெசிஃபிகேஷனில் ஒரு வரி மாறினால் போதும், இரண்டு நிறுவனங்கள் போட்டியிலிருந்து வெளியே போய்விடும். அந்த வரியை எழுதுவது உங்கள் பிரிவு. அப்புறம், ஆர்டர் போன பிறகு வார்டிலிருந்து நர்ஸ் ஒருவர் "இந்த பேட்ச் கையுறை மாட்டும்போதே கிழிகிறது" என்று எழுதி அனுப்புகிறார் என்று வையுங்கள். வேறு நிறுவனமாக இருந்தால் அன்றே புகார்க் கடிதம் போகும். தம்பியின் நிறுவனம் என்றால் முதலில் தம்பிக்கு ஒரு போன். "அக்கா, எழுத்தில் எதுவும் வேண்டாம், நான் மாற்றித் தருகிறேன்" என்பான். மாற்றியும் தருவான். லஞ்சம் இல்லை, பொய் இல்லை. ஆனால் புகார் எங்கேயும் பதிவாகவில்லை. அதற்குள் அதே பேட்ச் இன்னொரு வார்டில் பிரிக்கப்பட்டிருக்கும். ஹெபடைட்டிஸ் பி உள்ள நோயாளியின் ரத்தம் படும் கை அங்குள்ள நர்ஸுடையது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். யாரும் விரல் நீட்டக் கூடாது என்பதற்காகவே தம்பியின் நல்ல சரக்கைத் தள்ளிவிடுவீர்கள், அவன் பில்லை மட்டும் தாமதப்படுத்துவீர்கள். அதுவும் கோணல்தான்.

சொல்லிவிட்டால் முடிந்ததா என்றால், முடியவில்லை. 2005இல் வெளியான ஒரு பரிசோதனையில், தங்களுக்கு லாபம் இருப்பதை வெளிப்படையாகச் சொன்ன ஆலோசகர்கள் சொல்லாதவர்களைவிடக் கூடுதலாகச் சாய்ந்த ஆலோசனை தந்தார்கள். "அதுதான் சொல்லிவிட்டோமே" என்ற துணிச்சல் வந்துவிடலாம். அதனால் சொல்வதோடு விலகவும் வேண்டும். ஸ்பெசிஃபிகேஷன், விலை ஒப்பீடு, சரக்கு வரவு, புகார், பில் எதிலும் உங்கள் கை இருக்கக் கூடாது.

இதெல்லாம் டாக்டர்களுக்கான விதி என்று ஊழியர்கள் பலர் நினைக்கிறார்கள். நோயாளியை எந்த லேபுக்கு, எந்த ஸ்கேன் சென்டருக்கு அனுப்புவது என்று கைகாட்டும் வார்டு உதவியாளருக்கும் இது பொருந்தும்.

தம்பியிடம் நீங்களே முந்திக்கொண்டு பேசிவிடுங்கள். ஆர்டர் பற்றி வீட்டில் கேட்கக் கூடாது, எதிர்க் கம்பெனியின் விலையைப் பற்றி ஜாடையாகக்கூடக் கேட்கக் கூடாது. கோபித்துக்கொள்வான், சரி, கொஞ்ச நாளில் ஆறிவிடும். சகாக்கள் பயப்படும் சந்தேகம், இன்னார் உங்கள் தம்பி என்று ஒரு வருடம் கழித்து வேறு யாரோ சொல்லும்போதுதான் உண்மையில் கிளம்பும். அப்போது நீங்கள் கையெழுத்திட்ட பழைய கோப்புகளையும் சேர்த்துத் தோண்டுவார்கள்.

"உங்களைத் தெரியாதா, நீங்களே பாருங்கள்" என்று மேலதிகாரி சொல்லக்கூடும். ஒப்புக்கொள்ளாதீர்கள். பிரிவில் வேறு ஆள் இல்லையென்றால் கணக்குப் பிரிவில் ஒருவர் விலையை ஒப்பிடட்டும், தரத்தை நர்ஸிங் சூப்பரின்டென்டென்ட் பார்த்துக் கையெழுத்திடட்டும். உங்கள் கடிதத்தின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.