டிகிரி வேணாம், கடை போடுறேன்னு நிக்கிற பையனுக்கு

அக்கா, உங்க மெசேஜ் முழுசா படிச்சேன். ஏ லெவல் (நம்ம ஊரு பிளஸ் டூ மாதிரி) முடிச்சதும் யுனிவர்சிட்டி வேணாம், லண்டன்லயே கடை போடுறேன்னு பையன் நிக்கிறான், கேட்டா ஜான் லூயிஸ்ங்கிற பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோரைத் தொடங்குன ஜான் லூயிஸ் எந்த காலேஜ்ல படிச்சாரு, அவரு கவுன்சில் எலெக்‌ஷன்ல ஜெயிக்கலையான்னு உங்க வாயை அடைக்கிறான், அதானே? அவன் சொல்றது பொய் இல்லக்கா. ஆனா பாதிக் கதைதான் சொல்றான்.

அந்த மனுஷன் 1836ல சாமர்செட்ல ஷெப்டன் மாலெட்ங்கிற ஊர்ல பொறந்தவரு, ஏழு வயசுலயே அப்பா அம்மா இல்லாமப் போயிட்டாங்க, 14 வயசுல வெல்ஸ்ங்கிற ஊர்ல ஒரு துணிக்கடைல அப்ரன்டிஸா, அதாவது தொழில் பழகுற பையனா சேர்ந்தாரு, அப்புறம் லண்டன் வந்து பீட்டர் ராபின்சன் கடைல பட்டு கொள்முதல் பாக்குற இடத்துக்கு வந்தாரு. ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட்ல சொந்தக் கடை தொறந்தது 1864ல. கணக்கு போடுங்க, 28 வயசு. அதுவரைக்கும் அடுத்தவன் கடைலதான் தொழில் கத்துக்கிட்டாரு. மூணு வருஷ டிகிரியே நீளம்னு சொல்றவன்கிட்ட இதை மட்டும் காட்டுங்க. அவ்ளோ கத்துக்கிட்டு வந்தும் முதல் நாள் வியாபாரம் 16 ஷில்லிங் 4 பென்ஸ்தான், ஒரு பவுண்டு கூட தேறல.

அரசியல் 1901ல வந்துச்சு, லண்டன் கவுன்ட்டி கவுன்சில்ல லிபரல்காரங்க சேர்ந்திருந்த ப்ரோக்ரஸிவ் கட்சி சார்பா ஜெயிச்சாரு. அப்போ அவருக்கு வயசு 65, கடை நல்லா நிலைச்சு பல வருஷம் ஆயிருச்சு. 1903ல லீஸ் விஷயத்துல நிலத்துச் சொந்தக்காரர் ஹோவர்ட் டி வால்டன் பிரபுவோட மல்லுக்கட்டி, கோர்ட் உத்தரவை மதிக்கலன்னு மூணு வாரம் பிரிக்ஸ்டன் ஜெயில்ல இருந்தாரு. பையனுக்கு இது ஹீரோயிசமா தெரியும், எனக்கு என்னவோ லீஸ் பேப்பரை வக்கீல்கிட்ட காட்டாம கையெழுத்து போடாதேன்னுதான் சொல்லத் தோணுது, ரிப்பேர் செலவு யாரு தலைல, வாடகை எப்போ ஏறும், நடுவுல விட்டுட்டுப் போக முடியுமா, எல்லாம் அதுலதான் இருக்கும்.

இன்னொண்ணு, ஸ்டாஃப் விஷயத்துல அவரு ரொம்ப கறார். அப்பாவும் ரெண்டு மகன்களும் எடுத்துக்கிட்ட பணம் மொத்த ஸ்டாஃப் சம்பளத்தை விட அதிகம்னு மகன் ஸ்பீடன் கணக்குல பாத்து அதிர்ந்து போனாரு, 1920ல ஸ்டிரைக்கே நடந்துச்சு. லாபத்துல ஊழியருக்கும் பங்குன்னு இன்னிக்கு எல்லாரும் பாராட்டுறது ஸ்பீடன் கொண்டு வந்த ஏற்பாடு.

சரி, இப்ப என்ன பண்ணலாம்? டிகிரி அப்ரன்டிஸ்ஷிப்னு ஒண்ணு இருக்குக்கா, வேலை பாத்துக்கிட்டே படிப்பு, சம்பளம் வரும், ஃபீஸ் பையன் கட்ட வேண்டாம். ரீடெயில்லயும் மேனேஜ்மென்ட்லயும் தேடச் சொல்லுங்க, முடிஞ்சா கொள்முதல் டிபார்ட்மென்ட் பக்கம் போற மாதிரி, ஏன்னா பில் போடுறத ஒரு வாரத்துல கத்துக்கலாம், சரக்கு வாங்கத் தெரியறதுக்குத்தான் வருஷம் புடிக்கும். இடம் கம்மி, போட்டி ஜாஸ்தி, அதனால யூகாஸ்ங்கிற யுனிவர்சிட்டி அட்மிஷன் அப்ளிகேஷனையும் ஜனவரி கெடுவுக்குள்ள போட்டு வைக்கட்டும், அட்மிஷன் கிடைச்சா ஒரு வருஷம் தள்ளி சேர முடியுமான்னு யுனிவர்சிட்டிகிட்ட கேக்கலாம்.

சண்டை போடாதீங்க. என்ன சரக்கு, யார்கிட்ட, என்ன ரேட்டுக்கு வாங்குவ, விக்காம தேங்குனா என்ன பண்ணுவன்னு ஒரே பக்கத்துல எழுதச் சொல்லி எனக்கு அனுப்புங்க, அதை வச்சுக்கிட்டு அவன்கிட்டயே நான் பேசுறேன்.