புயல் ராத்திரி ஏன் அவ்வளவு நீளம்?

கேள்வி: 2011 டிசம்பரில் 'தானே' புயல் கரையைக் கடப்பதற்கு முந்தைய ராத்திரி எங்களுக்கு விடியவே இல்லை. கடிகாரம் எல்லா நாளும் போலத்தானே ஓடியிருக்கும்? இப்போதும் காற்றின் சத்தம் மாறினால் முதலில் வயிறு கலங்குகிறது, அப்புறம்தான் புயல் ஞாபகத்துக்கு வருகிறது. ஏன் இப்படித் தலைகீழாக நடக்கிறது?
- ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: கடிகார நேரம் வேறு, நாம் வாழ்கிற நேரம் வேறு. இந்த இரண்டாவதைத்தான் தத்துவவாதி எட்மண்ட் ஹுசர்ல் 1905-ல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் நடத்திய வகுப்புகளில் அலசினார் (1928-ல்தான் புத்தகமாக வந்தது, பதிப்பித்தவர் இன்னொரு தத்துவவாதியான ஹைடெக்கர்). ஒரு மெட்டைக் கேட்பதை அவர் உதாரணமாக எடுத்துக்கொண்டார். ஒரு ஸ்வரம் ஒலிக்கும்போது முந்தைய ஸ்வரம் காதை விட்டுப் போயிருந்தாலும் மனதை விட்டு முழுசாகப் போயிருக்காது, அடுத்தது வருவதற்கு முன்பே மனம் அதை நோக்கிச் சாய்ந்திருக்கும். இப்படி இல்லையென்றால் தனித்தனிச் சத்தங்கள்தான் கேட்கும், பாட்டு கேட்காது. ஆக, 'இப்போது' என்பது ஒரு புள்ளி இல்லை. போனதன் பிடியும் வரப்போவதன் எதிர்நோக்கும் அதற்குள்ளேயே இருக்கின்றன.

சரி, உணர்ச்சி இதில் எங்கே வருகிறது? எனக்கு முக்கியமாகப் படுவது சிலி நாட்டு உயிரியலாளர் பிரான்சிஸ்கோ வரேலா 1999-ல் வெளியான கட்டுரையில் சொன்னது. போனதும் வருவதும் ஒரே மாதிரி இல்லை என்றார் அவர். போனது போனதுதான், வரப்போவது இன்னும் முடிவாகவில்லை. அதனால் எதிர்நோக்கும்போது ஒரு உணர்ச்சிச் சாயல் எப்போதும் கூடவே இருக்கிறது. எதுவாக இருந்தாலும் நமக்கு நல்லதா கெட்டதா என்ற சாய்வோடுதான் அதை எதிர்பார்க்கிறோம்.

உங்கள் ராத்திரியை இப்படிப் பாருங்கள். ஒவ்வொரு வீச்சு அடிக்கும்போதும் மனம் அதில் நிற்கவில்லை, அடுத்த வீச்சுக்குக் கூரை தாங்குமா என்பதில் போய் நின்றது, அது வந்து போனாலும் எதுவும் முடியவில்லை, உடனே அதற்கடுத்தது. முதலில் பயம் வந்து, அந்தப் பயம் நேரத்தை நீட்டியது என்று இரண்டாகப் பிரித்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படி இறுகி எதிர்நோக்கிக் கிடந்ததே பயம்தான். சலிப்பிலும் நேரம் நீளும், ஆனால் அங்கே எதுவுமே நம்மை இழுக்காது, உங்களுக்கோ எல்லாமே இழுத்தது.

வயிறு முந்திக்கொள்வதிலும் தலைகீழ் எதுவும் இல்லை. 1920-களின் வகுப்புகளில் ஹுசர்ல் இதற்கும் வந்தார்: ஒன்று முதலில் நம்மைத் தொட்டு இழுக்கிறது, அப்புறம்தான் நாம் அதன் பக்கம் திரும்புகிறோம். முன்பு பட்டதோடு இப்போதைய சத்தம் நம்மைக் கேட்காமலே சேர்ந்துகொள்கிறது, அடுத்து என்ன வரும் என்ற எதிர்நோக்கும் அன்றைய ராத்திரியைப் போலவே அமைந்துவிடுகிறது. 'இது அந்த 2011 புயலின் ஞாபகம்' என்று நீங்கள் அடையாளம் காண்பது அதற்குப் பிறகு நடக்கிற தனி வேலை. அதனால் 'அது முடிந்துபோன விஷயம்' என்று யாராவது சொன்னால் அறிவு ஒத்துக்கொள்ளும், வயிறு ஒத்துக்கொள்ளாது. அதற்காக உங்களை நீங்களே கடிந்துகொள்ள வேண்டாம்.

ஆனால் மழைக்காலம் முழுக்கத் தூக்கம் கெடுகிறது, சத்தம் கேட்டாலே வேலை ஓடவில்லை என்றால் தத்துவத்தோடு நின்றுவிடாதீர்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம், புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.