செக் திரும்பினால் எத்தனை நாள் அவகாசம்? தொழில் நடத்துவோரின் சட்டக் கேள்விகள்

கேள்வி: ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி எங்களுக்கு 5 லட்ச ரூபாய்க்குச் செக் கொடுத்தது. அதை வங்கியில் போடும் முன்பே 2 லட்சம் கணக்கில் வந்துவிட்டது. பிறகு செக்கை அப்படியே போட்டோம், பணமில்லை என்று திரும்பிவிட்டது. டைரக்டர் மீது வழக்குப் போடலாமா?

பதில்: அந்த நிலையில் போட்டால் வழக்கு நிற்காது. செக்கில் இருப்பது 5 லட்சம், உங்களுக்கு வர வேண்டியது 3 லட்சம். இப்படிப் போடும் செக்குக்கு, செக் திரும்புவதைக் குற்றமாக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லிவிட்டது. பகுதிப் பணம் வந்தால், வந்த தொகையைச் செக்கிலேயே குறித்துவிட்டு மீதிக்குத்தான் போட வேண்டும். நடைமுறையில் இதற்கு வங்கியில் இழுபறி ஆகும். பழைய செக்கைத் திருப்பிக் கொடுத்து 3 லட்சத்துக்குப் புதுச் செக் வாங்குவதே நல்லது.

புதுச் செக்கும் திரும்பினால் நாட்கணக்கு இது. செக்கில் உள்ள தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போட்டிருக்க வேண்டும். செக் திரும்பியதற்கு வங்கி தரும் ரிட்டர்ன் மெமோ கைக்கு வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் அவர்களுக்குக் கிடைத்ததிலிருந்து பணம் கட்ட 15 நாள். கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். புகார் தாமதமானால் தக்க காரணம் காட்டி மன்னிப்புக் கேட்கலாம். நோட்டீஸ் தாமதத்துக்கு அந்த வழி கிடையாது. ஆனால் 3 மாதம் முடியவில்லை என்றால் செக்கை மறுபடி போட்டு, அது திரும்பிய நாளிலிருந்து புதிதாகக் கணக்குத் தொடங்கலாம்.

நோட்டீஸில் செக் தொகையைத் தனியாகக் கேளுங்கள். வட்டி, வக்கீல் செலவு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகக் கேட்டதால் தோற்ற வழக்குகள் பல. இன்னொன்று, செக் கம்பெனியுடையது என்பதால் முதல் குற்றவாளி கம்பெனிதான். கையெழுத்துப் போட்டவரை மட்டும் சேர்த்துக் கம்பெனியை விட்டுவிட்டால் வழக்கு செல்லாது (உச்ச நீதிமன்றம், 2012). மற்ற டைரக்டர்களைச் சேர்ப்பதானால், கம்பெனி நடத்துவதில் அவரவர் பங்கு என்ன என்று புகாரிலேயே எழுத வேண்டும். வழக்கு, உங்கள் கணக்கு இருக்கும் வங்கிக் கிளையின் எல்லைக்குள் உள்ள நீதிமன்றத்தில்.

கேள்வி: திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறோம். 90 நாள் கடன் என்று ஆர்டரிலேயே எழுதிக் கொடுக்கிறார்கள். அது எங்களைக் கட்டுப்படுத்துமா?

பதில்: கட்டுப்படுத்தாது. நீங்கள் குறு அல்லது சிறு நிறுவனமாக மத்திய அரசின் உத்யம் பதிவு பெற்றிருந்தால், 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இடி (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டு) சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் உச்சபட்சம் 45 நாள்தான். ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். வேலையில் குறை இருப்பதாக அவர்கள் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லாவிட்டால், டெலிவரி நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. தாமதத்துக்கு வட்டி, ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டி. பேங்க் ரேட் 6 சதவீதமாக இருந்தால் வட்டி 18 சதவீதம்.

பணம் வராவிட்டால், இந்தச் சட்டப்படி மாநில அரசு அமைத்த ஃபெசிலிடேஷன் கவுன்சிலில் இணையவழி மனுக் கொடுக்கலாம். பில், டெலிவரி சலான், ஆர்டர், உத்யம் சான்று நான்கும் வேண்டும். முதலில் சமரசம், அது கூடாவிட்டால் ஆர்பிட்ரேஷன் (நடுவர் விசாரணை). தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டியாக வேண்டும். இந்தச் சட்டத்தின் பலமே அதுதான்.

கோட்டை விடும் இடங்கள் இரண்டு. சரக்கு கொடுத்து, பணம் நின்ற பிறகு உத்யம் பதிவு எடுப்பது ஒன்று. பதிவுக்கு முந்தைய பில்களில் உங்கள் உரிமை தகராறுக்குள்ளாகும். அடுத்தது, வாங்கி விற்கும் வியாபாரிகள். 2021 முதல் அவர்களுக்கும் உத்யம் பதிவு உண்டு, ஆனால் வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும்; 45 நாள் உரிமை அவர்களுக்கு இல்லை.

கேள்வி: பார்ட்னர்ஷிப்பிலிருந்து சென்ற ஆண்டே விலகிவிட்டேன், விலகல் பத்திரமும் இருக்கிறது. இப்போது நூல் கொடுத்தவர் என்னிடம் பாக்கி கேட்கிறார்.

பதில்: அந்தப் பத்திரம் உங்களுக்கும் மற்ற கூட்டாளிகளுக்கும் இடையில்தான். விலகும் முன் ஏற்பட்ட கடனுக்கு நீங்கள் பொறுப்பு. கடன் கொடுத்தவரும் சேர்ந்து விடுவித்தால்தான் அது தீரும். விலகிய பின் வாங்கிய நூலுக்கும் பொதுஅறிவிப்பு கொடுக்காவிட்டால் உங்களைக் கேட்க முடியும், நீங்கள் பார்ட்னர் என்பது அவருக்குத் தெரிந்திருந்தால். பதிவான நிறுவனம் என்றால் அறிவிப்பு மூன்று இடத்தில் வேண்டும்: நிறுவனங்களின் பதிவாளரிடம், அரசிதழில், அந்த மாவட்டத்தில் விற்பனையாகும் ஒரு தமிழ் நாளிதழில். இதை இன்றே செய்யுங்கள்.

பலரும் மறப்பது ஜிஎஸ்டி. விலகிய ஒரு மாதத்துக்குள் எழுத்தில் தெரிவிக்காவிட்டால், தெரிவிக்கும் நாள் வரை நிறுவனத்தின் வரிப் பாக்கி உங்கள் தலையிலும்தான்.

கேள்வி: கம்பெனி லிமிடெட் ஆயிற்றே, ஓடி (ஓவர்டிராஃப்ட்) கடனுக்கு என் வீட்டை வங்கி தொடுமா?

பதில்: நீங்கள் பர்சனல் கியாரண்டி கொடுத்திருந்தால், 'லிமிடெட்' என்ற சொல் அந்தக் கடனில் உங்களைக் காக்காது. கம்பெனியை முதலில் கேட்டுவிட்டுத்தான் ஜாமீன்தாரரைக் கேட்க வேண்டும் என்ற விதியும் இல்லை. கம்பெனி திவால் நடைமுறைக்குப் போய்த் தீர்வுத் திட்டம் ஒப்புதலானாலும் ஜாமீன் தானாக ரத்தாகாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. டைரக்டர் பதவியை ராஜினாமா செய்தாலும் ஜாமீன் தொடரும். விலகும்போது வங்கிக்கு எழுதி, விடுவிப்புக் கடிதம் கையில் வாங்குங்கள்.

கேள்வி: கம்பெனி பதிவு செய்ததோடு சரி, ஒரு ரூபாய் வியாபாரமும் நடக்கவில்லை. எதுவும் தாக்கல் செய்ய வேண்டுமா?

பதில்: ஆம். பங்குப் பணம் கம்பெனியின் வங்கிக் கணக்குக்கு வந்து, கம்பெனி பதிவான 180 நாளுக்குள் ஐஎன்சி-20ஏ (தொழில் தொடங்கும் அறிவிப்புப் படிவம்) போட வேண்டும். அதுவரை தொழில் தொடங்கவும் கடன் வாங்கவும் கூடாது. வியாபாரம் பூஜ்யம் என்றாலும் ஆடிட் உண்டு. ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 30 நாளில் ஏஓசி-4 (நிதிக் கணக்கறிக்கை), 60 நாளில் ஆண்டறிக்கையான எம்ஜிடி-7 (சிறிய கம்பெனிக்கு 7ஏ). தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளுக்கு 100 ரூபாய், உச்சவரம்பு இல்லை. தொடர்ந்து 3 நிதியாண்டு விட்டால் டைரக்டர்கள் 5 ஆண்டு தகுதி இழப்பார்கள். நடத்தும் எண்ணமே இல்லையென்றால், கடன் எதுவும் இல்லாத நிலையில் பதிவை நீக்கக் கோரும் எஸ்டிகே-2 படிவம் போட்டு மூடிவிடுங்கள். கட்டணம் 10,000 ரூபாய்.

கேள்வி: 4 வருஷப் பழைய பில்லுக்கு வழக்குப் போட முடியுமா?

பதில்: கெடு 3 ஆண்டு. அதற்குள் வாடிக்கையாளர் கையெழுத்திட்ட பாக்கி உறுதிக் கடிதமோ பகுதிப் பணமோ வந்திருந்தால், அந்த நாளிலிருந்து மறுபடி 3 ஆண்டு கிடைக்கும். பகுதிப் பணம் வங்கி வழியாகவோ எழுத்தோடோ வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மார்ச் 31-க்கும் பாக்கி உறுதிக் கடிதம் அனுப்பி, கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வையுங்கள்.