கவண், உண்டிவில், கவட்டை: கேள்வி பதில்

தாராபுரத்திலிருந்து: எங்க அப்புச்சி சோளக்காட்டுக் காவலுக்குக் கவண் வைத்திருந்தாராம். நான் சின்ன வயதில் ஓணான் அடித்த கவட்டையும் அதுவும் ஒன்றுதானுங்களா?

இல்லைங்க. கவண் முழுக்கக் கயிறு. நடுவில் கல் வைக்க உள்ளங்கை அகலத்தில் ஒரு பின்னல், இரண்டு பக்கமும் கயிறு. ஒரு கயிற்றின் கண்ணியை விரலில் மாட்டி, மற்றதன் நுனியையும் அதே கையில் பிடித்துச் சுழற்றி, நுனியை மட்டும் விட வேண்டும். கல் பறக்கும், கயிறு கையிலேயே நிற்கும். எங்கள் அப்பாரு பரண்மேல் நின்று சுழற்றினால், அந்த 'விர்' சத்தத்துக்கே பாதிக் கிளிகள் எழும்பிவிடும்.

கோபியிலிருந்து: எங்க ஊர்ப் பெரியவர்கள் 'கவணை' என்கிறார்கள். அது கொச்சையா?

கொச்சை என்று யாரையும் சொல்ல விடாதீர்கள். கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில் கபிலர் 'கவணை' என்றுதான் பாடுகிறார். அதிலிருந்து புறப்பட்ட கல் வேங்கைப் பூவைச் சிதறடித்து, ஆசினி என்ற பலா வகையின் பழத்தை உதிர்த்து, தேனடையைத் துளைத்து, மாங்கொத்தை உழக்கி, வாழை மடலைக் கிழித்து, கடைசியில் பலாப்பழத்துக்குள் போய்த் தங்குகிறது. கல் போன வழியைக் கண்ணால் தொடர்ந்தவர்தான் இப்படிப் பாட முடியும். சிலப்பதிகாரத்தில் மதுரை மதில்மேல் இருந்த பொறிகளிலும் 'கல்லுமிழ் கவண்' உண்டு.

அந்தியூரிலிருந்து: உண்டிவில்லில் வரும் 'உண்டி' சாப்பாடா?

உண்டைங்க, அதாவது உருண்டை. அம்புக்குப் பதில் களிமண் உருண்டையை விடுகிற வில் உண்டைவில். நம்மாழ்வார் பாசுரத்தில் அந்தச் சொல்லே இருக்கிறது. சிறுவனாக இருந்த இராமன் கூனியின்மேல் தெறித்த உண்டையை அவள் மறக்கவில்லை என்கிறார் கம்பர். அப்புறம் அயோத்தியில் நடந்தது தெரியுமே.

காங்கயத்திலிருந்து: அப்போ கவட்டை?

கிளை இரண்டாகப் பிரியும் இடம் கவடு; கவட்டை என்ற பெயர் அந்த மரத்துண்டுக்கு உரியது. இழுத்து விட ரப்பர் வேண்டும். ரப்பரைக் கந்தகம் சேர்த்துப் பதப்படுத்தும் முறைக்குச் சார்லஸ் குட்இயர் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது 1844-இல். நம் கைக்குச் சைக்கிள் டியூப் வந்த பிறகுதான் கவட்டைக்கு உயிர் வந்தது. பழைய உண்டிவில், கவண் பெயர்கள் இரண்டும் இந்தப் புதுக் கருவிமேல் ஏறிக்கொண்டதால்தான் இத்தனை குழப்பம்.

பெருந்துறையிலிருந்து: பையனுக்கு ஒரு கவண் பின்னித் தரலாமுங்களா?

தாராளமாக. ஆனால் அறுவடை முடிந்த வெறுங்காட்டில், சுற்றிலும் ஆளும் ஆடும் இல்லாத நேரத்தில் மட்டும். பழகாத கையில் கல் பின்பக்கமும் போகும். முதல் சில நாள் ஈரமண் உருண்டை வைத்துச் சுழற்றச் சொல்லுங்கள்.